உப்பு ஏறிய நிலத்தில் உகா மரம்: நடும் முன் போட வேண்டிய கணக்கு

நத்தம்: திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சமவெளியில் இப்போது உகா மரத்தைப் பற்றிய பேச்சு அதிகமாகக் கேட்கிறது. 'உப்புத் தண்ணீரில் வளரும், ஆடு மாடு அழிக்காது, விதையில் எண்ணெய் கிடைக்கும், குச்சிக்கும் விலை உண்டு' என்று கைபேசியில் சுற்றும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, நாற்று எங்கே கிடைக்கும், ஏக்கருக்கு எவ்வளவு வரும் என்று விவசாயிகள் விசாரிக்கிறார்கள். கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, ரெட்டியார்சத்திரம், திண்டுக்கல் ஒன்றியங்களில் தோல் ஷாப் கழிவுநீரால் கிணறும் நிலமும் கெட்டவர்கள். இன்னொரு வகை, நத்தம் பக்கம் ஆழ்துளைக் கிணறு போட்டு, தண்ணீர் கடுத்துப்போய், மாங்கன்றின் இலை நுனி கருகுவதைப் பார்த்துக் கவலைப்படுபவர்கள். இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட முடியாது.

மரம் புதிதல்ல. உகா, உகாய் என்று பழைய பெயர். குறுந்தொகையிலேயே பாலை நிலத்து மரமாக வருகிறது. தென் மாவட்டங்களின் வறண்ட கரட்டு நிலங்களிலும் கடலோரத்திலும் கோயில் காடுகளிலும் இன்றும் நிற்கிறது. வடக்கே குஜராத், ராஜஸ்தானில் இதற்குப் பீலு என்று பெயர். பள்ளிவாசல் பக்கத்துக் கடைகளில் கட்டுக் கட்டாக விற்கும் மிஸ்வாக் குச்சி இந்த மரத்தினுடையதுதான். நம் வேலிகளில் முள்ளோடு நிற்கும் முட்சங்கு இதன் ஒன்றுவிட்ட தம்பி, இரண்டும் ஒரே குடும்பம். தடித்த இலை, தொங்கும் கிளை, மிளகு அளவில் சிவந்த பழம். இலையைக் கிள்ளி வாயில் போட்டால் உப்பும் காரமும் தெரியும். உப்பை வேரில் தடுத்து நிறுத்துவதோடு, உள்ளே வந்ததை இலையில் சேர்த்து வைத்துச் சமாளிக்கும் மரம் இது.

சீமைக் கருவேலும் உப்பைத் தாங்கும் மரம்தான் என்று சிலர் சொல்லலாம். உண்மை. கைவிடப்பட்ட உப்பு நிலங்களை அதுதான் முதலில் பிடித்துக்கொண்டது. ஆனால் அது வெளியிலிருந்து வந்து பரவும் மரம். ஒரு காலத்தில் விறகுக்காக விதை தூவி வளர்த்துவிட்டு, இப்போது பணம் செலவழித்து வேரோடு பிடுங்குகிறோம். உகா உள்ளூர் மரம். மெதுவாக வளர்வது, பக்கத்து நிலத்துக்குத் தாவி அலைக்கழிக்காதது. இந்த ஒரு காரணத்துக்காகவே உகாவைப் பற்றிப் பேசலாம். ஆனால் பேச்சும் கணக்கும் வேறு வேறு.

பாதிப்பு எப்படி வந்தது?

ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் கெடாமல் இருக்க முதலில் உப்பில் போடுகிறார்கள். நூறு கிலோ பச்சைத் தோலுக்கு 40 கிலோ வரை உப்பு பிடிக்கும். ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலை தோலை ஊறவைத்து அந்த உப்பைக் கழுவி விடுவது. குரோமியம், சுண்ணாம்பு, சல்பைடு எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவின் நாற்றமும் அழுக்கும் குறையும். ஆனால் கரைந்துபோன சாதாரண உப்பு நுண்ணுயிர்த் தொட்டியில் எங்கும் போகாது. அப்படியே மறுபக்கம் வெளியே வரும். அதைப் பிரிக்க சவ்வூடு வடிகட்டியும் ஆவியாக்கும் கலனும் வேண்டும். இரண்டுக்கும் செலவு அதிகம். பல ஆண்டுகள் இந்த நீர் ஓடைகளிலும் குளங்களிலும் தேங்கி, கொடகனாற்றுப் படுகையின் பாறை வெடிப்புகள் வழியாகக் கிணறுகளுக்கு இறங்கியது.

இதன் அளவு நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றைய ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளை அது நேரடியாகக் குறித்தது, அதில் திண்டுக்கல்லும் ஒன்று. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கெடுப்பு அந்தத் தீர்ப்பில் பேசப்படுகிறது: குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. நான்கில் மூன்று. தமிழகத் தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகவும் தீர்ப்பு குறிப்பிடுகிறது.

இது சொல்லி முப்பது ஆண்டு ஆகப்போகிறது. உப்புக்கு வயதாகாது. பூச்சிமருந்து போல மக்கி அழியும் பொருள் அல்ல அது. தண்ணீரோடு இறங்கும், வெயிலில் தண்ணீரோடு மேலே ஏறி, தண்ணீர் ஆவியானதும் மண்மேல் வெள்ளையாகப் பூக்கும். அவ்வளவுதான்.

உவரா, களரா?

நத்தம் பக்க நிலைமை வேறு. அங்கே தோல் ஷாப் கிடையாது. மழை குறைந்து நீர்மட்டம் இறங்க இறங்க, ஆழத்துப் பாறை நீரை மேலே இழுக்கிறோம். அந்த நீரில் பைகார்பனேட்டும் சோடியமும் அதிகமாயிருந்தால், மண் மெல்ல மெல்லக் களராகும். மேல்மண் இறுகும், மழை பெய்தால் நீர் உள்ளே போகாமல் குட்டையாக நிற்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும்.

உவர் நிலம் என்பது கரையும் உப்பு மிகுந்தது. மண் சாற்றின் மின்கடத்தும் திறன், அதாவது இ.சி., 4 டெசிசீமென்ஸுக்கு மேல் இருக்கும், பி.எச். 8.5க்குக் கீழே இருக்கும். களர் நிலம் என்பது சோடியம் மண் துகளில் ஒட்டிக்கொண்டது. பி.எச். 8.5க்கு மேல் போகும். உவருக்கு நல்ல தண்ணீரும் வடிகாலும்தான் வைத்தியம். களருக்கு ஜிப்சம் முதல் வைத்தியம், பிறகு தண்ணீர். தோல் கழிவு நிலத்தில் இரண்டும் கலந்திருக்கும். சோடியம் உப்பை வெறும் தண்ணீரால் கழுவினால், கரைந்த உப்பு போய்விடும், சோடியம் மட்டும் மண்ணில் ஒட்டிக்கொண்டு நிலம் களராகத் திரும்பும். 'கழுவினேன், முன்னைவிட மோசமாகிவிட்டது' என்ற புலம்பலுக்குக் காரணம் பல நேரங்களில் இதுதான். அங்கே ஜிப்சம் போட்டுவிட்டுத்தான் கழுவ வேண்டும்.

விரிவாக்கப் பணியாளர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இங்கே உண்டு. மண் பரிசோதனை நிலையத்தில் ஒரு பங்கு மண்ணை இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு நீரில் கலக்கி இ.சி. பார்ப்பது வழக்கம். ஆனால் பயிர்களின் தாங்கு திறன் அட்டவணைகள் எல்லாம் மண் குழம்பிலிருந்து பிழிந்தெடுத்த சாற்றின் அளவில் எழுதப்பட்டவை. மணற்பாங்கான செம்மண்ணில் முதல் அளவைவிட இரண்டாவது அளவு மூன்று மடங்கு வரையும், சில சமயம் அதற்கு மேலும் வரும். அட்டையில் 1.5 என்று இருப்பதைப் பார்த்து, 'நாலுக்குக் கீழே இருக்கிறது, பயமில்லை' என்று விவசாயியிடம் சொல்லிவிடக் கூடாது.

அந்த அட்டவணைப்படி சாற்றின் இ.சி. 1.2ஐத் தாண்டினாலே வெங்காயம் விளைச்சலை இழக்கத் தொடங்குகிறது. அதன்பின் ஒவ்வொரு அலகுக்கும் 16 சதவீதம் குறையும். இ.சி. 4 ஆனால் கிட்டத்தட்ட பாதி போய்விடும். சின்ன வெங்காயத்தை நம்பியிருக்கும் திண்டுக்கல் விவசாயிக்கு உப்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் உறைக்கிறது என்பதற்கு இதுவே விடை. தக்காளி 2.5 வரையும், நிலக்கடலை 3.2 வரையும், சோளம் 6.8 வரையும், பருத்தி 7.7 வரையும் இழப்பில்லாமல் தாங்கும். மா இந்த வரிசையில் கீழே நிற்கும் மரம். ஆகவே நத்தத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர், உகா நாற்றுத் தேடும் முன் கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதித்து, ஜிப்சத்தாலும் மழைநீரைத் தேக்குவதாலும் சமாளிக்க முடியுமா என்று பார்ப்பதே முதல் வேலை. நல்ல மாமரத்தை வெட்டிவிட்டு உகா நடுவது வீண்.

செடி உப்பை எடுத்துவிடுமா?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் ஆசை காட்டப்படுகிறது. 'உப்பை உறிஞ்சி நிலத்தைச் சுத்தம் செய்யும் செடி' என்ற சொல் கேட்க இனிமையாக இருக்கிறது.

தமிழகத்திலேயே இதற்கு ஓர் ஆய்வு உண்டு. 2007ஆம் ஆண்டு வெளியானது, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் செய்தது. கடலோரத்து உப்புத் தாவரங்கள் ஆறை உவர் நிலத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். உமரிச் செடி நான்கு மாதத்தில் ஹெக்டேருக்கு 504 கிலோ சோடியம் குளோரைடையும், செசுவியம் என்ற படரும் செடி 474 கிலோவையும் எடுத்தன. ஆறில் இவை இரண்டுதான் முன்னிலை. நல்ல முடிவு. இதை வைத்து நம் நிலத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

504 கிலோ என்பது ஏக்கருக்கு ஏறத்தாழ 204 கிலோ. இ.சி. 8 உள்ள ஒரு செம்மண் நிலத்தில், மேல் ஒரு அடி மண்ணில் மட்டும் ஏக்கருக்கு மூன்றரை டன் உப்பு இருக்கும். அதைப் பாதியாக்க ஒன்றே முக்கால் டன்னை வெளியேற்ற வேண்டும். உமரியை ஆண்டுக்கு மூன்று போகம் வளர்த்து, ஒவ்வொரு முறையும் வேரோடு பிடுங்கி வெளியே கொண்டுபோனால், எட்டு ஒன்பது போகம், அதாவது சுமார் மூன்று ஆண்டு. இதுவும் புதிதாக உப்பு சேராமல் இருந்தால்தான்.

இப்போது கிணற்றுக்கு வாருங்கள். லிட்டருக்கு 3 கிராம் உப்புள்ள நீர் என்பது கெட்டுப்போன கிணறுகளில் அபூர்வமல்ல. அந்த நீரை ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குலம் பாய்ச்சினால் இரண்டு லட்சம் லிட்டர். அதில் இருக்கும் உப்பு 600 கிலோ. செடி நான்கு மாதம் பாடுபட்டு எடுத்த 204 கிலோவைப் போல மூன்று மடங்கை, மோட்டார் போட்டு ஒரே பாய்ச்சலில் திரும்பக் கொட்டிவிடுகிறோம். ஓட்டைப் பானையில் கரண்டியால் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

மறுபக்கம் மழையைப் பாருங்கள். திண்டுக்கல்லில் ஆண்டுக்கு 800 மி.மீ. சுற்றிப் பெய்கிறது, பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில். வரப்பை முக்கால் அடிக்கு மேல் உயர்த்தி, பாத்தி பாத்தியாகப் பிரித்து, மழையை ஓடவிடாமல் நிறுத்தி, ஒரு அடி மண்ணுக்குள் ஒரு அடி நீர் இறங்கிச் சென்றால், அந்த ஒரு அடியில் இருந்த உப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கீழே போய்விடும். செடி மூன்று ஆண்டில் செய்வதை, நல்ல மழை ஒரு பருவத்தில் செய்யும். இதில் ஒரு சிக்கல், கீழே போன உப்பு எங்கே போகிறது என்பது. அடியில் பாறையும் சுக்கானும் இருக்கும் நிலத்தில் அது பக்கத்துக் கிணற்றுக்குத்தான் போகும், பக்கத்துக் கிணறு நம்முடையதாகவே இருக்கலாம். வடிகால் வெட்டி ஓடைக்கு விட வழியில்லாத நிலத்தில் கழுவுவதற்கும் எல்லை உண்டு.

உமரி ஓராண்டுச் செடி, அறுத்து வெளியே எடுக்கலாம். உகாவோ மரம். அது எடுக்கும் உப்பில் பெரும்பங்கு இலையில் இருக்கும். இலை உதிர்ந்து மரத்தடியில் விழுந்தால் உப்பு மறுபடி அதே மண்ணுக்கு வந்துவிடும். இலையை ஆடு தின்றால், புழுக்கையும் மூத்திரமும் அங்கேயே விழுந்தால், அதுவும் அதே கதை. ஆகவே உகாவை உப்பு எடுக்கும் மருந்தாக எண்ணாமல், உப்போடு குடித்தனம் நடத்தத் தெரிந்த மரமாக மட்டும் பார்ப்பது நல்லது. வெறும் தரையாகக் கிடந்தால் வெயில் நேரடியாகப் பட்டு உப்பு மேலே ஏறும். நிழல் விழுந்தால் அந்த ஏற்றம் குறையும். வேர் போன வழியில் மழைநீர் கொஞ்சம் உள்ளே இறங்கும். இவை உண்மையான பலன்கள். ஆனால் ஐந்து ஆண்டு உகா நின்ற இடத்தில் ஆறாம் ஆண்டு வெங்காயம் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

குஜராத் அனுபவம்

உகாவை மரமாக மட்டும் பார்க்காமல் பயிராக வளர்த்துக் காட்டியவர்கள் மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிறுவனத்தார். 1969ல் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் தலைமையிடம் ஹரியானாவின் கர்னால். குஜராத்தின் பரூச்சில் இருக்கும் இதன் வட்டார நிலையம், வேறெந்தப் பயிரும் நிற்காத கடலோரக் கரிசல் மண்ணில் உகாவை வரிசையாக நட்டு, இடைவெளி, விளைச்சல், செலவு எல்லாவற்றையும் பதிவு செய்தது. நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 250 கன்று. சொல்லிக்கொள்ளும்படியான விதை ஐந்தாம் ஆண்டு வாக்கில்தான் வரும். விதையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் இருக்கிறது. சமையலுக்கு ஆகாது. ஆனால் லாரிக், மிரிஸ்டிக் அமிலங்கள் மிகுந்திருப்பதால் சோப்புத் தொழிலுக்குத் தேங்காய் எண்ணெயின் இடத்தில் பயன்படும்.

அங்கே நடந்தது இங்கே ஏன் அப்படியே நடக்காது? மண் முதல் வேறுபாடு. அது ஆழமான கரிசல், அடியில் உப்பு நீர் கைக்கெட்டும் ஆழத்தில் நிற்கும் நிலம். நம்முடையது ஆழமில்லாத செம்மண், அடியில் பாறை, கோடையில் ஈரமே இருக்காது. உகா வறட்சி தாங்கும் என்றாலும், வறட்சியும் உப்பும் சேர்ந்து அடிக்கும் முதல் இரண்டு கோடையில் கன்றுக்குத் தண்ணீர் தேவை.

குரோமியம் அடுத்தது. கடலோர நிலத்தில் உப்பு மட்டும்தான். தோல் கழிவு நிலத்தில் குரோமியமும் உண்டு. பெரும்பகுதி அசையாமல் மண்ணோடு ஒட்டிக்கிடக்கும் வகைதான், ஆனாலும் இலையிலோ பழத்திலோ எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்காமல், அந்த நிலத்து உகாக் குச்சியைப் பல் துலக்க விற்பதும், உமரியைக் கீரையாகச் சமைப்பதும், தழையை மட்டுமே ஆட்டுக்குக் கொடுப்பதும் கூடாது. கழிவு பாயாத வெறும் உவர் நிலத்தில் இந்தப் பயம் இல்லை. அங்கே தழையை மற்றத் தீவனத்தோடு கலந்து, நல்ல தண்ணீர் காட்டி, ஆட்டுக்குக் கொடுக்கலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது சந்தை. பீலு விதை பொறுக்குவதும் விற்பதும் குஜராத்தில் கிராமத்தாருக்குப் பழகிய வேலை, வாங்க வியாபாரி உண்டு. திண்டுக்கல்லில் புளிக்கு மண்டி உண்டு, மாங்காய்க்கு மண்டி உண்டு, வெங்காயத்துக்கும் பூவுக்கும் உண்டு. உகா விதைக்கு இல்லை. ஒரு விவசாயி ஒரு ஏக்கரில் விளைவிக்கும் சில நூறு கிலோவை வாங்க எந்த சோப்புக் கம்பெனியும் லாரி அனுப்பாது. பழம் பழுத்ததும் மைனாவும் குயிலும் முதல் பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியைப் பறிக்கக் கூலி ஆள் வேண்டும். நூறு நாள் வேலைக்கும் மில்லுக்கும் போகும் ஊரில், மிளகு அளவுப் பழத்தைப் பறிக்க வருபவருக்கு என்ன கூலி கொடுத்தால் கட்டும்? எண்ணெய் விதை வருமானம் என்று சொல்லி நாற்று விற்பவரிடம் விவசாயிகள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, 'ஐந்தாம் ஆண்டு விதையை நீங்களே வாங்கிக்கொள்வதாக எழுதித் தருவீர்களா?' என்பதுதான். மிஸ்வாக் பற்பசை பெரிய கம்பெனியின் பெயரில் கடைக்குக் கடை விற்பதைக் காட்டி ஆசை வார்த்தை சொல்வார்கள். அந்தக் கம்பெனி தன் மூலப்பொருளை எங்கிருந்து எடுக்கிறது என்பது நம் ஊர் நாற்றுப்பண்ணைக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அப்படியானால் எங்கே நடலாம்?

வேண்டாம் என்பது இதன் பொருளல்ல. சாகுபடியைக் கைவிட்டுச் சீமைக் கருவேல் மூடிய நிலம், வெள்ளை பூத்துப் புல்லும் முளைக்காத மூலை, கழிவு ஓடைக் கரை, கெட்ட கிணற்றைச் சுற்றிய இடம் ஆகியவை உகாவுக்கு ஏற்றவை. முழு ஏக்கரையும் ஒப்படைக்காமல், வரப்பு ஓரத்தில் காற்றுத்தடுப்பாக இருபது முப்பது கன்று வைத்துப் பார்ப்பது என் கருத்தில் புத்திசாலித்தனம். வேலிக்கு முட்சங்கு சேர்த்தால் ஆடு உள்ளே வராது. இடையில் உப்பு தாங்கும் அருகம்புல் விட்டால் தரை மூடும். இ.சி. ஏழு எட்டுக்குள் இருக்கும் நிலம் என்றால் உகாவுக்குப் போகவே வேண்டாம், சோளமோ பருத்தியோ அதைவிட நல்ல வரவு தரும். பதினைந்து இருபது என்று போன நிலத்துக்குத்தான் இந்த மரம்.

நாற்றுக்கு ஒரு முறை உண்டு. பழச்சதை விதை முளைப்பதைத் தடுக்கும். எனவே நன்கு பழுத்ததைப் பறித்த அன்றே கசக்கிக் கழுவி, நிழலில் உலர்த்தி, நாள் கடத்தாமல் பாலிதீன் பையில் ஊன்ற வேண்டும். பழைய விதை முளைக்காது. பையில் இருக்கும்போதே, கன்று நிலைத்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக உப்புத் தண்ணீர் பழக்கினால் நிலத்தில் அதிர்ச்சி குறையும். ஒன்றரை அடிக் குழியில் மேல்மண்ணோடு தொழு உரமும், களர் கலந்த நிலமானால் ஜிப்சமும் கலந்து, புரட்டாசி ஐப்பசியில் மழை பிடித்தபின் நட வேண்டும். குழியின் நடுவில் நடாமல் சிறு கரை எழுப்பி அதன் சரிவில் நட்டால் நல்லது. காரணம், பார் முகட்டில்தான் உப்பு அதிகம் சேரும், பள்ளத்தில் நீர் தேங்கும். முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர், கூடுமானால் கெடாத தண்ணீர்.

யார் செலவு?

இந்தப் பேச்சில் ஒரு விஷயம் மறந்துபோகிறது. நத்தத்து விவசாயியின் கிணறு கடுத்ததற்கு மழையும் அவர் போட்ட ஆழமும் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். ரெட்டியார்சத்திரத்து விவசாயியின் கிணற்றை அவர் கெடுக்கவில்லை. 1996 தீர்ப்பு 'கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்தது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருவதோடு அந்தப் பொறுப்பு முடியாது, கெட்ட சூழலை மீட்கும் செலவும் அதில் சேரும் என்று தெளிவாகச் சொன்னது. ஆலைகளிடம் வசூலிக்கும் தொகையைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதியாக வைத்து, இழப்பீட்டுக்கும் நிலத்தை மீட்கவும் பயன்படுத்தச் சொன்னது. இழப்பீடு பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும், கிடைத்தது கிடைக்காதது என்று இன்றும் பேசுகிறார்கள். மீட்கும் செலவு பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை.

உப்பு நிலத்தில் உகாவோ உமரியோ நட்டு ஐந்தாறு ஆண்டு காத்திருப்பது விவசாயத் தொழில் அல்ல, நிலத்தை மீட்கும் வேலை. அதன் நாற்று, குழி, தண்ணீர், வருமானமில்லாத ஆண்டுகளுக்கான ஈடு ஆகியவற்றை நிலத்துக்காரர் தலையில் கட்டுவது நியாயமில்லை. 'இந்த மரத்தை நட்டால் லாபம் வரும், நீங்களே நட்டுக்கொள்ளுங்கள்' என்ற பேச்சு, தெரிந்தோ தெரியாமலோ, இந்தப் பொறுப்பை இடம் மாற்றிவிடுகிறது.

மாநில அரசின் 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் வந்த 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் களர் நிலச் சீர்திருத்தம் ஒரு பகுதி. ஜிப்சமும் பசுந்தாள் உரமும் நத்தம் பக்கத்துக் களருக்குப் பொருந்தும். தோல் கழிவால் உவரான நிலம் அந்தச் சட்டகத்துக்குள் சரியாக உட்காராது, அதற்கு ஜிப்சம் மட்டும் போதாது. திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியில் உப்பு நிலத்துக்கான அகில இந்திய ஒருங்கிணைந்த ஆய்வு மையம் இருக்கிறது, உவர் களர் தாங்கும் திருச்சி நெல் ரகங்கள் வந்ததும் அங்கிருந்துதான். திண்டுக்கல்லிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். செம்மண்ணில், தோல் கழிவு உப்பில், உகா எத்தனை உயிர் பிழைக்கிறது, இலையில் குரோமியம் எவ்வளவு என்று பார்க்க இரண்டு ஏக்கர் சோதனைத் திடல் போதும். கெட்டுப்போன நிலத்துக்கா இங்கே பஞ்சம்? உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் வட்டார வேளாண் அலுவலர்களும் குறைதீர் கூட்டத்தில் எழுத்துமூலமாகக் கேட்க வேண்டியது இதைத்தான். உகா நாற்று மானியத்தை அதன் பிறகு கேட்கலாம்.

மண் மாதிரி எடுக்க ஏற்ற காலம் சித்திரை, வைகாசி. உப்பு மேலே ஏறி நிற்கும் நேரம் அது. மழைக்குப் பின் எடுத்தால் நிலம் இருப்பதைவிட நல்லதாகத் தெரியும். மேல் அரை அடி, அடுத்த அரை அடி, மூன்றாவது அடி என்று தனித்தனியாக எடுத்து, கிணற்று நீரையும் ஒரு லிட்டர் சேர்த்துக் கொடுங்கள். இ.சி., பி.எச். மட்டும் போதாது. நீரில் சோடியம், கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட், குளோரைடு ஐந்தையும், தோல் ஷாப் பக்கத்து நிலமானால் மண்ணில் குரோமியத்தையும் எழுதிக் கேளுங்கள். இ.சி. எந்த முறையில் பார்த்தது என்பதை அறிக்கையிலேயே குறித்துத் தரச் சொல்லுங்கள்.